சர்வகலாசாலையில் வாணிகம்

வாணிகம் கற்பிக்கத்தக்கதொரு கல்வியோ, அன்றிக் கைப்பழக்கத்தாலும் கண்பழக்கத்தாலும் மட்டுமே வருவதோ என்னும் வினா நம்மவரிடைப் புதிதன்று. நம் சங்கத்தின் கல்வி நிதியினின்று உதவி பெறத்தக்கார் யாவர் என்று அண்மையில் ஆராய்ந்தபோது அவ்வினா மீண்டும் தலைகாட்டிற்று. மருத்துவமும் யந்திரக் கலையும் பயில்வார்க்குக் கொடுப்பதில் ஒருவரும் மாறுபட்டிலர். சர்வதேச வர்த்தகம் என்னும் பாடத்தைப் பயில விரும்பிய ஒரு மாணவியின் விண்ணப்பம் வாசிக்கப்பட்டதும், வயதின் மூத்த அன்பர் ஒருவர், வியாபாரம் கடைத்திண்ணையிற் கற்பது, அதற்கொரு சர்வகலாசாலையும் அங்கே வெளிநாட்டார் வந்து செய்யும் உபந்நியாசங்களும் எதற்கு என்று வினவினார். கூட்டத்தாருட் பலர்க்கு அது நியாயமாகவே தோன்றிற்று. விஷயம் முடிவின்றி நின்றுவிட்டமையின், அதனைச் சரித்திர வாயிலாக ஆராய்வது தகும் என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

மூத்த அன்பர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம் செய்தனர். ஒன்றை 320 கூறாக்கி அதில் ஒரு கூற்றை முந்திரி எனக் கொண்டு, அதற்கும் கீழே போய் இலக்கம் எண்ணினர். பின்னர்ப் பத்துப் பன்னிரண்டு வயதில் உறவினர் கடையிற் சேர்ந்து, முதலிற் பெருக்கி, அடுத்துப் படிக்கல் பிடித்து, அதன்பின் பேரேடு எழுதி, ஐந்தொகை போடும் நிலைக்கு உயர்ந்தனர். அவ்வாறு தேறினவன் கணக்கிற் பிழை காண்பது அரிது. இத்தகைய பயிற்சி ஊரெல்லையோடு நின்றதுமன்று. சுமத்திராத் தீவில் பாரூஸ் என்னும் ஊரை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர் அங்கே கூடி, துறைக்கு வரும் கப்பற்காரர் முதலியோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்தவேண்டும் என்று தம்முள் விதித்துக்கொண்டதை அஃது உரைக்கின்றது. கடல் கடந்து சென்று, வேற்றரசன் நாட்டில், தமிழிலேயே சட்டம் எழுதி நிறுத்திய வணிகர் எந்தச் சர்வகலாசாலையிற் பயின்றனர் என்று கேட்டால் விடை இல்லை.

ஆயினும் அன்பர்கள் ஒன்று நோக்கல் வேண்டும். அக்கல்வெட்டு அங்கே நின்றது. அதனைச் செதுக்குவித்தோரின் வழியினர் அதனை மறந்தனர். ஐந்நூற்றுவர் என ஒரு குழு இருந்ததையும், அவர் சுமத்திரா வரை சென்றதையும் 20-ஆம் நூற்றாண்டுத் தமிழர்க்கு எடுத்துரைத்தோர், சென்னைச் சர்வகலாசாலைச் சரித்திரப் பேராசிரியராய் விளங்கிய நீலகண்ட சாஸ்திரியார் போன்ற ஆராய்ச்சியாளரே. சாஸ்திரியார் அக்கல்வெட்டைக் குறித்து 1932-இல் எழுதினார். கடையிற் கற்ற கல்வி கடையோடு அழியும். ஒரு தலைமுறை தவறினால் தொடர்ச்சி அறும். எழுதி வைத்து, பலர் முன்னிலையில் விரித்துரைத்து, மறுப்புக் கேட்டுத் திருத்தி வழிவழி ஒப்படைக்கும் ஓரிடம் இல்லையேல், ஐந்நூற்றுவர்க்கு நேர்ந்ததே எவர்க்கும் நேரும்.

இனி, வாணிகத்தையும் பொருள் நூலையும் பாடமாக வைத்து விரிவுரை செய்யும் வழக்கம் எங்கே தொடங்கிற்று என்று பார்ப்போம். நம்மவர் பெரும்பாலார் அறியாத செய்தியொன்று இதில் உண்டு. இங்கிலாந்தில் பொருள் நூலுக்கென முதன்முதல் ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது ஆக்ஸ்போர்டிலும் அன்று, கேம்பிரிட்ஜிலும் அன்று. கிழக்கிந்தியக் கும்பினியார் தம் உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுதற்கு நிறுவிய கலாசாலையிலேதான் அஃது ஏற்பட்டது. ஜனப்பெருக்கத்தைப் பற்றி எழுதிப் புகழ் பெற்ற மால்தஸ் என்பார் 1805-இல் அப்பதவியில் அமர்ந்து, 1834-இல் இறக்குந்துணையும் அங்கே கற்பித்தார். பின்னர் ஹெய்லிபரி என்னும் ஊருக்கு மாறிய அக்கலாசாலையில் அவர் வாய்மொழி கேட்ட இளைஞர்களே கலெக்டர்களாகவும் வரி அதிகாரிகளாகவும் இந்நாட்டிற்கு வந்தனர். கடைத்திண்ணையே போதும் என்று நாம் இருந்த காலத்தில், கும்பினி வியாபாரிகள் அது போதாதென்று கருதிப் பேராசிரியரை அமர்த்தினர்.

அவர்களுக்கு முன்னரே நம் பிரதேசத்தின் வாணிகம் எழுத்தில் ஏறியிருந்தது. 1792-இல் மூன்றாம் மைசூர் யுத்த முடிவிற் பாராமகால் என்னும் இக்கிருஷ்ணகிரிச் சீமை கும்பினியார் கைக்கு மாறியது. காப்டன் ரீடும் அவர்க்குத் துணையாய் வந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலத்தை அளந்து வரி வகுத்தனர். ஓசூர்ப் பகுதி மைசூர் அரசின் கீழ் இருந்து, 1799-இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தபின் வந்து சேர்ந்தது. ரீடு காலத்துக் கடிதங்களும் கணக்குகளும் பாராமகால் ஆவணங்கள் என்னும் பெயரால் பிற்காலத்தில் அச்சேறின. அவற்றுள் வரிகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. பொதிமாடு ஓட்டி மலையேறி இறங்கிய நம் முன்னோர் எந்தச் சாவடியில் எவ்வளவு கொடுத்தனர் என்பதை அவர்தம் பேரன்மாரிடம் கேட்டறிய இயலாது. அவரிடம் சுங்கம் வாங்கினவன் எழுதிய கடிதத்திலேதான் தேடவேண்டும். சென்னை ராஜதானியில் உள்நாட்டுச் சுங்கங்கள் 1844-இல் ஒழிந்தன. நம் எல்லையில் நெடுங்காலம் லாரிகளை மறித்து நின்ற விற்பனை வரிச் சாவடிகள் 2017 ஜூலையிற் சரக்கு சேவை வரி வந்தபின்னரே நீங்கின. எல்லையூரில் வாழும் நமக்கு வரிச் சரித்திரம் பழங்கதையன்று.

மேனாடுகளில் வாணிகத்தையே தனிக் கல்வியாகக் கொண்ட நிலையங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே எழுந்தன. அமெரிக்காவிற் பென்சில்வேனியாச் சர்வகலாசாலையின் வார்ட்டன் பள்ளி 1881-இலும், ஜெர்மனியில் லைப்சிக் வாணிகக் கலாசாலை 1898-இலும், இங்கிலாந்திற் பர்மிங்காம் சர்வகலாசாலையின் வர்த்தகத் துறை 1902-இலும் தோன்றின. நம் நாடு இதில் மிகப் பின்தங்கிற்று என்று எண்ணற்க. பர்மிங்காமுக்கு 16 ஆண்டுகள் முன்னரே, 1886-இல், சென்னையிற் பச்சையப்பர் தர்மப் பரிபாலகர்கள் ஒரு வர்த்தகப் பாடசாலையை ஏற்படுத்தினர். பச்சையப்ப முதலியார் துபாஷியாக இருந்து வாணிகத்தாற் பொருள் ஈட்டி 1794-இல் மறைந்தவர். அவர் விட்ட பொருளே பிற்காலத்திற் பள்ளியும் கல்லூரியும் ஆயிற்று. பம்பாயில் சிடென்ஹாம் வர்த்தகக் கல்லூரி 1913-இல் தோன்றியது. டாக்டர் அம்பேத்கர் 1918 முதல் 1920 வரை அங்கே பொருள் நூற் பேராசிரியராய் இருந்தார் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். தீண்டாமைக் கொடுமையால் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அதே வகுப்பறையின் மேடையேறிப் பொருள் நூலை விரித்துரைத்தார்.

சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருள் நூலுக்கு முதற் பேராசிரியராக 1915-இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் மாணவரைப் பிரசங்கம் கேட்டுக் குறிப்பெழுதுவதோடு விட்டாரில்லை. தத்தம் ஊர்களுக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி, கைத்தொழில் ஆகியவற்றை வினவி எழுதிவரச் செய்தார். அவ்வறிக்கைகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. இருபது ஆண்டு கழித்து, அவர் பதவியில் பின்னர் அமர்ந்த பி. ஜே. தாமஸ் அதே ஊர்களை மீண்டும் ஆராய்வித்தார். உபந்நியாசம் என்றால் மாலையும் பொன்னாடையும் தேநீரும் என்று இந்நாளில் நினைப்பவர்கள், ஒரு பேராசிரியரின் பேச்சு எவ்வாறு கிராமத்துத் தெருவரை இறங்கிவந்தது என்பதை இதிற் காணலாம். (பொன்னாடையை யாம் வெறுப்பவரல்லேம். ஆயினும் பேசுவோர்க்குப் பதினைந்து நிமிஷம், அவரைப் புகழ்வோர்க்கு ஒன்றரை மணி என்று நடக்கும் சில கல்லூரி விழாக்களைக் காணுந்தோறும் ஸ்லேட்டர் நினைவுக்கு வருகின்றார்.)

தாமஸ் 1926-இல் வெளியிட்ட நூலோ நம்மவர் ஒவ்வொருவரும் பொருளறிந்து கொள்ளத்தக்கது. இந்தியத் துணி இங்கிலாந்திற் புகுந்த சரித்திரம் அது. நம் நாட்டுச் சாயத் துணிகளும் அச்சடித் துணிகளும் மலிவும் அழகும் உடையவாய் அங்கே பரவவே, அந்நாட்டுப் பட்டு நெசவாளரும் கம்பளி நெசவாளரும் பிழைப்பிழந்தனர். 1697-இல் நெசவாளர் கும்பினி மாளிகையைத் தாக்கினர். 1700-இல் அச்சடித் துணியின் இறக்குமதியைப் பார்லிமெண்டு தடுத்தது. 1719-இல் அத்துணி உடுத்துத் தெருவிற் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தனர்; 1721-இல் அவ்வகைத் துணிகளிற் பெரும்பாலானவற்றை உடுத்துவதே குற்றமாயிற்று. தறியில் இருந்த நெசவாளி தன் துணிக்குக் கிராக்கி ஏன் ஏறிற்று, ஏன் இறங்கிற்று என்று அறியான். விலை இறங்கியது தரகன் வஞ்சகத்தால் என்றோ, கிரகக் கோளாறு என்றோ எண்ணியிருப்பான். காரணமோ லண்டன் மாநகரில், அவன் பெயரும் கேட்டிராதார் கூடிய ஒரு சபையில் இருந்தது. கடைத்திண்ணையிற் கற்க இயலாத பாடம் இதுவே.

தன் தொழிலை நன்கறிந்தும் இப்பாடத்தை அறியாமையால் பெருநட்டம் உற்றார்க்கு எடுத்துக்காட்டு வேண்டுமேல், பர்மாவில் லேவாதேவி செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் சரித்திரம் உள்ளது. கணக்கில் அவர்களை மிஞ்சினார் இல்லை. நாணயத்திலும் அவ்வாறே. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30-இல் ஆராய்ந்து, அங்கே அவர்க்கு 1,650 கடைகளும் ரூ. 75 கோடி முதலும் இருந்தன என்று மதிப்பிட்டது. அவ்வாண்டுகளிலேயே உலகப் பொருளாதார மந்தம் தொடங்கி, நெல் விலை வீழ்ந்தது. கடன் பட்ட குடியானவன் கொடுக்க வழியின்றி நிலத்தை ஒப்புவித்தான். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டிமார் வசம் இருந்தது. 1938-க்குள் அது 25 பங்காயிற்று. ஐந்தொகையில் இது வரவாகத் தோன்றும். உண்மையில் பெரும் ஆபத்து. அயலார் கையில் ஊர் நிலம் சேர்ந்தால் அந்நாட்டு ஜனங்களின் மனம் என்னாகும், அரசு மாறினால் சட்டம் என்னாகும் என்பன பேரேட்டில் எழுதும் இனங்களல்ல. ஜப்பானியர் படையெடுப்பு வந்தது; பர்மா 1948-இற் சுதந்தரம் பெற்றவுடன் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டமும் வந்தது. அதே சமூகத்தில் கடல்கடந்த தொழிலாற் பெற்ற செல்வத்தின் ஒரு கூற்றைக்கொண்டு அண்ணாமலை செட்டியார் 1929-இற் சிதம்பரத்திற் சர்வகலாசாலை அமைத்தார். பர்மா நிலம் போயிற்று. சிதம்பரத்துக் கலாசாலை நிற்கின்றது.

அற்றேல், சர்வதேச வர்த்தகம் என்று இந்நாளிற் கற்பிக்கப்படுவதுதான் யாது? கிருஷ்ணகிரி மாங்கூழையே எடுத்துக்கொள்வோம். ஆலையிலிருந்து பீப்பாயில் அடைத்துச் சென்னைத் துறைமுகம் சென்று அரபு நாட்டிற்கோ ஐரோப்பாவிற்கோ கப்பலேறுகின்றது. வாங்குபவனை நாம் கண்டதில்லை. அவனும் நம்மைக் கண்டதில்லை. சரக்கு முன்னோ, பணம் முன்னோ என்னும் சிக்கலைத் தீர்க்க, அவனுடைய வங்கி ஓர் உறுதிக் கடிதம் கொடுக்கும். அதனையே வியாபாரிகள் எல்.சி. என்பர். அக்கடிதத்தைப் பற்றிய முதல் விதி நம்மவர் பலர்க்கு வியப்பளிக்கும். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தையே பார்க்கும். கூழ் அமிர்தமாக இருப்பினும், கப்பற் சரக்கேற்றுச் சீட்டில் உள்ள தேதியோ பெயரோ கடிதத்தோடு மாறுபடின் பணம் நின்றுவிடும். பின்னும் ஒன்று: கப்பற் கூலியும் இன்ஷூரன்சும் சேர்த்து விலை பேசினால், சரக்கு அக்கரை சேருமளவும் நட்டம் நம்முடையது என்று பலர் கருதுகின்றனர். அங்ஙனமன்று. பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை 1936-இல் முதலில் வகுத்து, 2020 வரை பன்முறை திருத்திய விதிகளின்படி, அவ்வகை ஒப்பந்தத்திலும் சரக்குக் கப்பலேறியவுடனே அபாயம் வாங்குவோனைச் சேர்கின்றது. அக்கரை வரை கூலியும் இன்ஷூரன்சும் கொடுப்பதே விற்போன் கடமை. இவ்வொரு நுட்பம் அறியாமல் வழக்காடித் தோற்பதற்கு ஆகும் செலவில் எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம்.

2014 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம், பழ ஈ காணப்பட்டது என்னும் காரணத்தால் இந்திய மாம்பழத்தைத் தடுத்தது. மறு ஆண்டுத் தொடக்கத்திலேயே தடை நீங்கியது. கூழுக்கு அத்தடை இல்லை. பழமாக விற்பதா, கூழாக விற்பதா என்று ஆராயும் தோட்டக்காரனுக்கு இச்செய்தி மழைக்குறி போன்றது. தளிப் பக்கத்து ரோஜாப்பூ விமானமேறி வெளிநாடு செல்வதும் இவ்வாறே அந்நாட்டார் விதிகளுக்கும் அவர்தம் திருநாட்களுக்கும் கட்டுப்பட்டது.

ஆங்கிலத்தில் நடக்கும் உபந்நியாசம் நம் பிள்ளைகட்கு விளங்குமோ என்று சிலர் ஐயுறுகின்றனர். ஓசூர்ப் பிள்ளை வீட்டிலொன்று, சந்தையிலொன்று, பள்ளியிலொன்றாகத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசி வளர்வது. நான்காவதொரு மொழிக்கு அஞ்சவேண்டியது நம் ஊரார் அல்லர். பெண்ணை வெளியூர் அனுப்புவதோ என்பார்க்கு விடை அருகில் உள்ளது. சேலத்தில் 1997-இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் கிருஷ்ணகிரி மாவட்டமும் அடங்கும். 1973-இல் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகம் பெங்களூரில், பஸ்ஸேறிப் போய்வரும் தூரத்தில் இருக்கின்றது. ஆயினும் எல்லாப் பிரசங்கமும் பயனுடையது என்று யாம் சாதிக்க வரவில்லை. உதவி பெறும் மாணவர், தாம் கேட்ட உபந்நியாசங்களுள் ஆண்டுக்கு இரண்டையேனும் தமிழிற் சுருக்கி எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பவேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுக்கலாம் என்பதே எமது கருத்து. பணமும் வீண்போகாது, கேட்டது நம்மனைவர்க்கும் வந்து சேரும்.

ஓசூர் இந்நிலைக்கு வந்த வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1971-இல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் அப்பத்தாண்டிலேயே இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்டு வந்தது, அவ்வாண்டே டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி இங்கிருந்து ஓடத் தொடங்கிற்று. 1984-இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் கூடி டைட்டன் கைக்கடிகாரக் கம்பெனியை நிறுவின. அக்கூட்டுக்கு அடிகோலியவருள் ஒருவர், டிட்கோவின் தலைமையில் இருந்த ஐராவதம் மகாதேவன். பழந்தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்துப் பெரும்புகழ் பெற்ற அதே மகாதேவன்தான். மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகையில் ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வணிகர் குழுவொன்றின் பெயரைப் படித்தவர், நம் ஊரில் ஒரு வணிக நிறுவனம் எழவும் காரணராயினார். தமிழ்ப் பண்டிதர்க்கு இதனினும் இனிய செய்தி வேறு வேண்டுமோ! அக்கடிகாரம் 1990-களில் ஐரோப்பியச் சந்தையிற் புகுந்து எண்ணிய பயன் காணாது மீண்டதும் சரித்திரமே.

இவற்றினும் வியப்பானது ஜப்பானிலிருந்து வந்த ஓர் உபந்நியாசத்தின் கதை. நியூயார்க் சர்வகலாசாலையிற் புள்ளியியல் கற்பித்து வந்த டெமிங் என்னும் அமெரிக்கர், 1950 ஜூலையில், போரில் நொறுங்கிக் கிடந்த ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில், அந்நாட்டு விஞ்ஞானிகளும் யந்திரக் கலைஞரும் சேர்ந்த சங்கத்தார் அழைப்பின்பேரில் எட்டு நாள் தொடர்ந்து பேசினார். பின்னர்க் கம்பெனித் தலைவர்களைத் தனியே கூட்டியும் பேசினார். செய்து முடித்த பொருளிற் பழுதைப் பொறுக்கி எறிவதால் தரம் உயராது, செய்யும் முறையிலேயே பழுது எழாதபடி கணக்கிட்டுக் காத்தல் வேண்டும் என்பது அப்பேச்சின் சாரம். கேட்டவர்கள் அதனைக் குறிப்பெடுத்து நூலாக அச்சிட்டனர். அந்நூலால் தமக்கு வரவேண்டிய ஊதியத்தை டெமிங் வாங்கிக்கொள்ளாமல் அச்சங்கத்திற்கே விட்டார். அதனைக்கொண்டு 1951-இல் அவர் பெயரால் ஒரு பரிசு ஏற்பட்டது.

அரை நூற்றாண்டு கடந்து 2002-இல் அப்பரிசு ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனிக்குக் கிடைத்தது. இருசக்கர வண்டி செய்வோருள் உலகிலேயே முதலில் அதனைப் பெற்றது இதுவே. அதற்கு முந்திய ஆண்டில்தான், 1980-கள் முதல் கூட்டாளியாயிருந்த ஜப்பானிய சுசுகி கம்பெனி பிரிந்துபோயிருந்தது. கூட்டாளி போனபின் இனித் தனியே நிற்பது இயலாது என்று ஊரிற் பேசியவர் பலர். ஜப்பானியப் பேராசிரியர்கள் பல ஆண்டுகளாக வந்து வந்து கற்பித்த முறை மட்டும் போகவில்லை. 2016 முதல் ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் சிறு வண்டிகள் இங்கே செய்யப்பட்டு வெளிநாடு செல்கின்றன. 2020-இல் இங்கிலாந்தின் பழம்பெரும் நார்ட்டன் கம்பெனியை இக்கம்பெனி ஒரு கோடியே அறுபது லட்சம் பவுனுக்கு விலைக்கு வாங்கிற்று. நம் வகுப்பாருள் அத்தொழிற்சாலை வாயிலில் நாள்தோறும் அட்டை காட்டி நுழைவோர் பலர். டெமிங் எழுதிய நூல்களுள் ஒன்றேனும் நம் சங்க வாசகசாலைக்கு வாங்கப்படுமாயின், அவர்களே அதனை வாசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தம் பட்டறை அநுபவத்தோடு ஒட்டி நமக்குத் தமிழில் எடுத்துச் சொல்லக்கூடும்.